சமைத்த அரைத்த கோழியை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

கல்லடி ரீச்சர்
வணக்கம். வாரநாட்களில் விடியற்காலையில் கறி சமைக்க நேரம் கிடைப்பதில்லை. பாடசாலை ஏழரைக்குத் தொடங்குகிறது. அதற்குள் இரண்டு பிள்ளைகளை வெளிக்கிடுத்தி நானும் பஸ் பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எலும்பில்லாத நெஞ்சுப் பகுதியை ஒரு கிலோ அரைத்து வாங்கி, வெங்காயம், இஞ்சி, உள்ளி, ரம்பை, கறிவேப்பிலை போட்டுப் பெரிய தாச்சியில் மொத்தமாக வதக்கி வைத்துவிடலாம் என்று யோசிக்கிறேன். திங்கள் இடியப்பத்துடன், செவ்வாய் பாணுக்குள், புதன் பிட்டுடன் என்று வாரத்தை ஓட்டிவிடலாம். எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டால் பக்கத்து வீட்டு அக்கா இரண்டு நாள் என்கிறார், என்னுடன் படிப்பிப்பவர் ஒரு வாரம் என்கிறார், மாமி "மணந்து பார்த்தால் தெரியாதா?" என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நுண்கண்ணாடி (அம்பாறை)
ரீச்சர், பிரிட்ஜில் மூன்று நாள், மிஞ்சினால் நான்கு. ஞாயிறு இரவு வைத்தால் புதன்கிழமைப் பிட்டு வரை பயமில்லை. வியாழனுக்கும் வெள்ளிக்கும் வேண்டியதை ஞாயிறு இரவே பிரீசரில் வைத்துவிடுங்கள். புதன்கிழமை மிச்சத்தைப் பார்த்துவிட்டு வைப்போம் என்று இருக்காதீர்கள். உறையவைப்பது கிருமியின் வளர்ச்சியை நிறுத்துமே தவிர, அதுவரை வளர்ந்ததை அழிக்காது. பச்சையாக அரைத்த கோழி என்றால் கணக்கு இன்னும் இறுக்கம்: ஒரு நாள், கூடினால் இரண்டு நாள்.

மாமி கோபிக்கக் கூடாது, ஆனால் மணத்தை நம்ப முடியாது. கறியைப் புளிக்கவும் நாறவும் வைப்பவை ஒரு கூட்டம். ஆளைப் படுக்கையில் போடும் கிருமிகள் வேறு கூட்டம். இரண்டாவது கூட்டம் மணமோ நிறமோ மாறாமலே பெருகிவிடும்.

என் வேலை ஆய்வுகூடத்தில். இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் நாளைத்தான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, அடுப்பை அணைத்த பிறகு அந்தத் தாச்சி எவ்வளவு நேரம் அடுப்பின் மேலேயே இருந்தது என்று. 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடையில்தான் கிருமிகள் பெருகுகின்றன. சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் விட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அமெரிக்க விவசாயத் திணைக்களம், வெப்பம் 32 பாகையைத் தாண்டும் இடத்தில் ஒரு மணித்தியாலம்தான் என்கிறது. மே, யூன் மாதங்களில் நம் சமையலறைகளில் 32 பாகை என்பது குளிர்காலம்.

வயல்காரன் (திருக்கோவில்)
எங்கள் வீட்டுக்குப் பிரிட்ஜ் வந்து எவ்வளவு காலம் ஆகிறது? இரவு ஆக்கிய மீன்கறியை உறியில் வைத்து, விடிய எழுந்து சுண்டவைத்துப் பழஞ்சோற்றோடு சாப்பிட்டுவிட்டு வயலுக்குப் போனவர்கள் நாங்கள். ஒருவரும் செத்துப்போகவில்லை. நன்றாகக் கொதிக்க வைத்தால் எந்தக் கிருமி நிற்கும்? பிள்ளைகளை வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்.

நுண்கண்ணாடி
ஐயா, உங்கள் மீன்கறியில் கொறுக்காய் இருந்தது அல்லது பழப்புளி இருந்தது. அந்தப் புளிப்பில் பல கிருமிகளுக்கு வளர்வது கடினம். சட்டியும் சிறியது, ஆக்கியது இரவு, விடிந்ததும் சட்டி காலி. ரீச்சர் கேட்பது ஒரு கிலோ அரைத்த கோழி. புளிப்பு இல்லை, அடர்த்தியாகக் கிடக்கும், நாலு நாள் இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே சட்டம் செல்லாது.

கொதிக்க வைத்தால் எல்லாம் செத்துவிடும் என்பதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்றொரு பக்டீரியா. அதன் வித்திகள், அதாவது தடித்த உறைக்குள் உறங்கும் கிருமிகள், சமைத்தாலும் சாகாமல் ஒளிந்திருக்கும். சாதாரணக் கொதிப்பு வித்தியை அழிக்காது. பெரிய சட்டி மெல்ல மெல்ல ஆறும்போது, 45 பாகை அளவில், அது விழித்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிக்கும். கலியாண வீட்டு அண்டாவில் ஆக்கிய இறைச்சியைச் சாப்பிட்டு மறுநாள் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும்போது சந்தேகப்பட வேண்டியவற்றில் இதுவும் ஒன்று. அடுத்தது ஸ்டெபிலோகொக்கஸ். நம் மூக்கிலும், கையில் இருக்கும் புண்ணிலும் இருப்பது. ஆறிய கறியைக் கையால் அள்ளி வைக்கும்போது சேர்ந்துவிடும். நச்சை விட்டுவிட்டது என்றால், பிறகு கொதிக்க வைத்துக் கிருமியைக் கொல்லலாம், நச்சு அப்படியே இருக்கும்.

வயல்காரன்
புளி சேர்த்தால் தாங்கும் என்பதை ஒப்புக்கொண்டீர்கள் அல்லவா, அது போதும்.

சமூசா ராத்தா (காத்தான்குடி)
ரீச்சர் தங்கச்சி, நான் வீட்டிலிருந்து ரோல்ஸ், பற்றிஸ், சமூசா ஓடருக்குச் செய்து கொடுப்பவள். நோன்பு மாதத்தில் அரைத்த கோழியோடுதான் என் பொழுதெல்லாம். சொல்வதைக் கேளுங்கள், தாச்சியிலேயே ஆறவிடுவதுதான் முதல் தவறு. தாச்சி இரும்பு, அது சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே தொட்டால் ஆறியதுபோல் இருக்கும். நடுவில் அகப்பையை விட்டால் ஆவி வரும்.

நான் இறக்கிய உடனேயே சஹனில், அதாவது பெரிய அகன்ற தட்டில், கொட்டுவேன். அகப்பையின் பின்பக்கத்தால் ஒரு விரல் தடிப்புக்குப் பரப்பி, கத்தியால் பாத்தி பிரிப்பது மாதிரிக் கோடு இழுப்பேன். அந்தக் கோடுகள் வழியாக ஆவி போவது கண்ணுக்குத் தெரியும். மேலே மின்விசிறி. ஆவி அடங்கியதும் தட்டையான பெட்டிகளில் போட்டு நேரே பிரிட்ஜுக்குள். மூடியை முதலில் சற்றுத் திறந்து வைத்து, குளிர்ந்த பிறகு இறுக்கி மூடுவேன். சூட்டோடு மூடினால் மூடியின் உள்பக்கம் வியர்த்து, அந்தத் தண்ணீர் கறியில் சொட்டும். ரோல்சுக்கும் இதே கதைதான். உள்ளீடு இளஞ்சூட்டில் இருக்கும்போது சுற்றினால் உறை ஊறிக் கிழிந்துவிடும்.

இன்னொன்று, தேங்காய்ப்பாலை இப்போது விடாதீர்கள். தூள் போட்டு வறண்ட பதத்தில் எடுத்து வையுங்கள். பிட்டுக்குக் குழம்பு வேண்டுமென்றால் அன்றைக்குத் தேவையானதை எடுத்து, அன்றைக்குப் பிழிந்த பாலை விட்டுக் கொதிக்க வையுங்கள். பால் விட்ட கறிதான் எப்போதும் முதலில் புளிக்கிறது.

அக்கரைப்பற்றான்
ராத்தா, சட்டியைத் தண்ணீருக்குள் வைத்து ஆற்றினால் என்ன? கொழும்பில் நான் இருந்த அறையில் அப்படிச் செய்வோம்.

சமூசா ராத்தா
செய்யலாம் தம்பி. ஆனால் கூரைமேல் தாங்கியிலிருந்து பின்னேரம் வரும் தண்ணீரில் தேநீரே ஊற்றலாம். ஐஸ் போட வேண்டும். போத்தலில் தண்ணீர் நிரப்பி உறையவைத்து அதைச் சட்டியைச் சுற்றி வையுங்கள். மீனுக்குப் போடும் ஐஸ்கட்டியை உணவின் பக்கம் கொண்டுவர வேண்டாம். அது குடிக்கிற தண்ணீரில் செய்தது என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

கல்லடி ரீச்சர்
சூட்டோடு பிரிட்ஜுக்குள் வைத்தால் பிரிட்ஜ் பழுதாகும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன். அதனால்தான் எங்கள் வீட்டில் இரவு முழுக்க வெளியே கிடக்கும்.

குளிர் மெக்கானிக் (களுவாஞ்சிக்குடி)
ரீச்சர், பிரிட்ஜ் திருத்துவதுதான் என் தொழில். தட்டையான பெட்டியில் இளஞ்சூட்டுக் கறியை வைத்து எந்தப் பிரிட்ஜும் பழுதானதை நான் பார்க்கவில்லை. மோட்டார் கொஞ்ச நேரம் கூடுதலாக ஓடும், அவ்வளவுதான். கொதிக்கிற பெரிய சட்டியைத் தூக்கி வைத்தால் பக்கத்தில் இருக்கும் பாலும் முட்டையும் சூடேறும். அதுதான் சிக்கல்.

நான் வீடு வீடாகப் போகிறவன், அதனால் சிலவற்றைச் சொல்கிறேன். உள்ளே இருக்கும் குமிழில் 1, 2, 3, 4, 5 என்று இருக்கிறதே, அது பாகை இல்லை. எண் கூடக் கூடக் குளிர் கூடும். "5இல் வைத்திருக்கிறேன், 5 பாகைதானே" என்று சொல்பவர்களும், குறைத்தால்தான் குளிரும் என்று நினைத்து 1இல் வைத்திருப்பவர்களும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஒரு சின்ன வெப்பமானியைத் தண்ணீர்க் கோப்பைக்குள் போட்டு நடுத்தட்டில் ஓர் இரவு வையுங்கள். விடிய 4 பாகைக்கு மேல் காட்டினால் குமிழைத் திருப்புங்கள். கதவு இறப்பருக்கும் ஒரு சோதனை: ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் இறப்பர் போய்விட்டது. கல்லடி, நாவலடிப் பக்கம் கடற்காற்று. பின்பக்கக் கம்பி துருப்பிடித்து, பிரிட்ஜ் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் குளிராது. சமைத்த கோழியைக் கதவுத் தட்டில் வைக்காதீர்கள். திறக்கத் திறக்க வெக்கை அடிக்கும் இடம் அது. பச்சை இறைச்சி எப்போதும் கீழ்த்தட்டில், சமைத்தது மேலே.

அக்கரைப்பற்றான்
அப்படியானால் பிரீசரில் எத்தனை மாதம் அண்ணன்? என்னுடையது ஒற்றைக் கதவு. மேலே சின்ன ஐஸ் அறை.

குளிர் மெக்கானிக்
அந்த ஐஸ் அறையின் மூடியில் நட்சத்திரம் இருக்கிறதா பாருங்கள். ஒரு நட்சத்திரம் என்றால் −6 பாகை, இரண்டு என்றால் −12, மூன்று என்றால் −18. மாதக்கணக்கில் வைக்கலாம் என்று சொல்வதெல்லாம் −18 பாகைக்குத்தான். ஒரு நட்சத்திர அறை என்றால் ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள், இரண்டு என்றால் ஒரு மாதம். நட்சத்திரமே இல்லை என்றால் அது ஐஸ்கட்டி செய்யும் இடம், அவ்வளவுதான்.

நுண்கண்ணாடி
−18இல் பாதுகாப்புக்குக் காலக்கெடு கிடையாது. சுவைதான் போகும். சமைத்த கோழி இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை நன்றாக இருக்கும். தூளும் எண்ணெயும் சேர்ந்தது என்றால் மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. ஒரு வேளைக்கு எவ்வளவோ அவ்வளவை ஒரு பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, கொப்பி மாதிரித் தட்டையாக்கி அடுக்குங்கள். மேலே திகதி. தட்டையாக இருந்தால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும். ஐஸ்கிரீம் டப்பாவில் ஒரே கட்டியாக உறையவைத்தால், காலையில் அவசரத்துக்குச் சுடுநீரில் போட்டுக் கத்தியால் குத்திக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இளக்குவதற்கு முதல் நாள் இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். மறந்துவிட்டால், பையோடு குளிர்ந்த தண்ணீரில் போட்டு அரை மணிக்கொரு தடவை தண்ணீரை மாற்றுங்கள். தட்டையான பை என்றால் உறைந்தபடியே தாச்சியில் போட்டாலும் சரிதான். மேசையில் வைத்து இளக்க வேண்டாம். பிரிட்ஜுக்குள் இளகியதைத் திரும்ப உறையவைக்கலாம், சுவை குறையும். வெளியே இளகியதை வேண்டாம்.

சமூசா ராத்தா
ரோல்ஸ் செய்து உறையவைப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: உள்ளீட்டில் உருளைக்கிழங்கு துண்டாகக் கிடக்கக் கூடாது, இளகும்போது தண்ணீர் விடும். நன்றாக மசித்துவிடுங்கள். அவித்த முட்டையை வைத்து உறையவைத்தால் வெள்ளைக்கரு இறப்பராகிவிடும். முட்டை ரோல்சை அன்றன்றைக்குச் செய்யுங்கள். உறைந்த ரோல்சை மிதமான நெருப்பில் பொரியுங்கள். பெரிய நெருப்பில் போட்டால் மேலே சிவந்துவிடும், கடித்தால் நடுவில் ஐஸ்.

வயல்காரன்
எல்லாம் சரி, ஒன்றை யாரும் சொல்லவில்லை. கோழியைத் தேசிக்காயும் மஞ்சளும் போட்டு மூன்று தண்ணீரில் கழுவினால் பாதிக் கிருமி அங்கேயே போய்விடும்.

நுண்கண்ணாடி
போகாது ஐயா. கவிச்சு மணம் குறையும், அதை மறுக்கவில்லை. ஆனால் குழாயைத் திறந்து கழுவும்போது தெறிக்கும் துளிகள் பக்கத்தில் வைத்திருக்கும் வெட்டிய வெங்காயத்திலும் பாத்திரத்திலும் விழும். சல்மோனெல்லா, கம்பைலோபக்டர் என்ற கிருமிகளைக் கொல்வது 74 பாகை வெப்பம்தான். இறைச்சியின் நடுப்பகுதி அந்த வெப்பத்தைத் தொட வேண்டும்.

வயல்காரன்
கழுவாத கோழியை என் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். இதில் பேச்சில்லை.

சமூசா ராத்தா
அரைத்த கோழியை எப்படியும் கழுவ முடியாது, ஆகவே இந்தச் சண்டை இங்கே வேண்டாம். கடையில் அரைக்கும்போது பாருங்கள்; மெசினில் நேற்றைய இறைச்சி ஒட்டியிருந்தால் அது முதலில் உங்கள் பைக்குள்தான் விழும். நான் காலையில் முதல் ஆளாகப் போய் மெசினைக் கழுவச் சொல்லுவேன். கடைக்காரருக்கு என்னைப் பிடிக்காது.

முழுக் கோழியில் கிருமி பெரும்பாலும் மேல்பகுதியில் இருக்கும், அரைத்ததில் உள்ளேயெல்லாம் கலந்துவிடும் என்று ஒரு சுகாதார வகுப்பில் சொன்னார்கள். அதனால் வதக்கும்போது கட்டி கட்டியாக விடக் கூடாது. அகப்பையால் குத்தி உதிர்த்துக்கொண்டே இருங்கள். கட்டிக்குள் வேகாமல் இருப்பது வெளியே தெரியாது.

கல்லடி ரீச்சர்
நிறையத் தெளிவு. இரண்டு சந்தேகம் இருக்கிறது. மின்சாரம் போனால் என்ன செய்வது? மாரி தொடங்கினால் எங்கள் பக்கம் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அடுத்தது, பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டி. காலை ஆறு மணிக்குக் கட்டினால் இடைவேளைக்குத்தான் திறப்பார்கள்.

குளிர் மெக்கானிக்
கதவைத் திறக்காமல் விட்டால் பிரிட்ஜ் நான்கு மணித்தியாலம் குளிரைப் பிடிக்கும். தனிக் கதவுள்ள பிரீசர் நிறைந்து இருந்தால் 48 மணித்தியாலம், பாதி என்றால் 24. ஆகவே காலியிடத்தைத் தண்ணீர்ப் போத்தல்களால் நிரப்பி வையுங்கள். ஒற்றைக் கதவுப் பிரிட்ஜின் ஐஸ் அறைக்கு இந்தக் கணக்கு இல்லை. அது சீக்கிரம் இளகிவிடும். 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அந்த நாட்களில் இறைச்சியை எடுத்து வைக்கிற எண்ணத்தையே பலர் விட்டுவிட்டார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் மின்சாரம் போனதற்குப் பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் புகுந்த குரங்குதான் காரணம் என்றார்கள். குரங்குக்கு நம் கோழி தெரியாது.

இருட்டில் என்ன ஆகிறது என்று பார்ப்பதற்காகப் பத்து நிமிடத்துக்கொரு தடவை கதவைத் திறப்பவர்கள்தான் அதிகம். திறக்காதீர்கள். மின்சாரம் வந்த பிறகு பாருங்கள்: பையில் இன்னும் ஐஸ்படிகம் இருந்தால் திரும்ப உறையட்டும். இளகி வெதுவெதுப்பாக இருந்தால் சுவைத்துப் பார்க்க வேண்டாம், எறியுங்கள். பிரிட்ஜ் பகுதியில் இருந்த சமைத்த கோழியும், நான்கு மணித்தியாலம் தாண்டிவிட்டால், அப்படித்தான்.

வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் ஒரு கோப்பைத் தண்ணீரை உறையவைத்து, மேலே ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் நல்லது. அடியில் இருந்தால், நீங்கள் இல்லாதபோது எல்லாம் இளகி மறுபடி உறைந்திருக்கிறது.

அக்கரைப்பற்றான்
இது நல்ல வித்தை. கடைசியாக ஊரிலிருந்து வந்து பிரீசரைத் திறந்தபோது எல்லாம் கல்லாகத்தான் இருந்தது, நம்பிச் சாப்பிட்டேன். இனி நாணயம்.

நான் தனி ஆள். இந்தக் கோழியைக் கொத்துக்குத்தான் போடுவேன். ரொட்டி கடையில், கரட்டும் லீக்சும் கையில், முட்டை ஒன்று. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மொத்தப் பெட்டியையும் தாச்சியில் கொட்டி, மிச்சத்தைத் திரும்பப் பெட்டியில் போடலாமா?

நுண்கண்ணாடி
வேண்டாம் தம்பி. தேவையான அளவை மட்டும் சுத்தமான கரண்டியால் எடுங்கள்; பெட்டி உடனே உள்ளே போகட்டும். எடுத்ததை 74 பாகை தாண்டும்வரை, அதாவது எல்லாப் பக்கமும் ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள். முட்டையும் மரக்கறியும் வெந்த பிறகு கோழியைப் போட்டு ஒரு கிளறுக் கிளறி இறக்குபவர்கள் உண்டு, அது போதாது. கோழி முதலில் சூடாகட்டும். ஒருமுறை சூடாக்கியதை அன்றைக்கே முடியுங்கள். சோற்றில் கொத்துபவர்கள் பழைய சோற்றையும் கவனியுங்கள். இரவு முழுக்க வெளியே இருந்த சோற்றில் பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியா விடும் நச்சும் சூட்டுக்கு அடங்காது.

ரீச்சருக்கு: ஆறு மணிக்குக் கட்டி இடைவேளைக்குத் திறப்பது நான்கு மணித்தியாலத்துக்கு மேல். வெறும் பிளாஸ்டிக் பெட்டியில் கோழி வேண்டாம். அந்த நாட்களில் பருப்பும் சம்பலும் என்றால்கூடச் சம்பலை அன்றைக்கு இடித்ததாகக் கொடுங்கள். வயிற்றோட்டமும் வாந்தியும் வந்தால் ஜீவனி (உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூள்) கரைத்துக் கொடுங்கள். இரத்தம் கலந்து போனால், காய்ச்சல் கூடினால், ஆள் சோர்ந்துபோனால் வைத்தியசாலைக்குப் போங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் என்றால் பார்த்துக்கொண்டு இருக்கவே வேண்டாம்.

சமூசா ராத்தா
கோழி கொடுத்தே ஆக வேண்டுமென்றால் வாய் அகன்ற சுடுசோற்றுப் பிளாஸ்க் வாங்குங்கள் தங்கச்சி. கொதிநீரை ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்து, அதைக் கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் கறியை விளிம்புவரை நிரப்பி உடனே மூடுங்கள். அரைவாசி நிரப்பினால் சூடு நிற்காது. பள்ளிக்கு அனுப்ப முன் ஒரு விடுமுறை நாளில் வீட்டில் சோதியுங்கள்: ஆறு மணிக்கு அடைத்துப் பத்தரைக்குத் திறந்து, மெக்கானிக் தம்பி சொன்ன வெப்பமானியை உள்ளே விட்டுப் பாருங்கள். 60 பாகைக்குக் கீழே என்றால் அந்தப் பிளாஸ்க் தேநீருக்குத்தான்.

கல்லடி ரீச்சர்
சரி ராத்தா. தாச்சிக்குப் பதில் இரண்டு தட்டம், தேங்காய்ப்பால் அன்றன்றைக்கு, வியாழன் வெள்ளிப் பைகள் ஞாயிறே பிரீசருக்கு. எங்களுடையது இரண்டு கதவு, மேலே மூன்று நட்சத்திரம் இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். குமிழ் 1இல் இருந்தது. மாமி மின்கட்டணத்துக்குப் பயந்து திருப்பி வைத்திருக்கிறார். பிளாஸ்க் டவுனில் எந்த அளவு வாங்குவது?

சமூசா ராத்தா
பிள்ளை சாப்பிட்டு முடிக்கிற அளவு. பெரியது மலிவு என்று கடையில் சொல்வார்கள், கேட்காதீர்கள்.